மைக் ஹால் ஜெயித்தது நியாயமா?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 2004-இல் அமெரிக்காவின் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி நடத்திய ‘ட்ரீம் ஜாப்’ போட்டியின் பழைய வீடியோக்களைத் தேடிப் பார்த்தாராம். விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி அது. கடைசிச் சுற்றில் மைக் ஹால் ஜெயித்து ஆரன் லெவின் தோற்றதில் அவருக்கு மனசு ஆறவில்லை. “இது நியாயமா? தோற்றவர் கதி என்ன ஆச்சு? நான் நம்ம பக்கம் கபடிக்கும் பாய்மரப் படகுப் போட்டிக்கும் மைக் பிடிக்கிறேன். தமிழில் இப்படி ஒரு போட்டி வைத்தால் நான் தேறுவேனா?” என்று மூன்று கேள்விகள்.

ஹால் ஜெயித்தது நியாயம்தான் தம்பி. லெவின் மோசம் என்பதால் சொல்லவில்லை. ஈஎஸ்பிஎன் எந்த வேலைக்கு ஆள் தேடியதோ அந்த வேலைக்கு ஹால் பொருத்தமாக இருந்தார். நீங்கள் லெவினுக்காக வருத்தப்படுவதைப் பார்த்தால், அந்த வேலையையும் நீங்கள் செய்கிற வேலையையும் ஒன்றாக்கிக்கொண்டீர்களோ என்று தோன்றுகிறது.

நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2004 பிப்ரவரியில் தொடங்கி மார்ச் 28-ஆம் தேதி முடிந்தது. பன்னிரண்டு பேர் களத்தில். நடத்தியவர் ஸ்டூவர்ட் ஸ்காட்; ஈஎஸ்பிஎன்னின் பெரிய முகங்களில் ஒருவர், 2015-இல் காலமானார். நடுவர்கள் நான்கு பேர்: சேனலுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த அல் ஜாஃபி, பத்திரிகையாளர் டோனி கோர்ன்ஹைசர், தொகுப்பாளர் கிட் ஹூவர், அமெரிக்கக் கால்பந்து வீரர் லவார் ஆரிங்டன். பார்வையாளர்களும் வாக்களித்தார்கள். பரிசு என்பது ‘ஸ்போர்ட்ஸ் சென்டர்’ என்ற நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க ஓராண்டு ஒப்பந்தம். ஹால் அப்போது மிசௌரி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1908-இல் தொடங்கிய அங்குள்ள பத்திரிகையியல் பள்ளி உலகிலேயே முதலாவது என்று பெயர் வாங்கியது. லெவின் ஸ்டான்ஃபோர்டு மாணவர்.

ஸ்போர்ட்ஸ் சென்டர் என்றால் என்ன? அன்றன்றைக்கு நடந்த ஆட்டங்களின் துண்டுகளைப் போட்டு, நாலு வார்த்தை சொல்லி, அடுத்த ஆட்டத்துக்குப் போகிற நிகழ்ச்சி. தொகுப்பாளருக்கு எதிரே, வாசிக்க வேண்டியதைக் காட்டும் ப்ராம்ப்டர் திரை ஓடும், காதில் தயாரிப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார். இவர் முகம் மாறாமல், வேகம் குறையாமல், கொஞ்சம் கேலியும் கலந்து சொல்லி முடிக்க வேண்டும். படம் ஓடும் நேரமும் பேச்சு ஓடும் நேரமும் ஒரு விநாடிகூடப் பிசகக் கூடாது. அதில் ஹால் கெட்டிக்காரர். அந்த மேசைக்குப் பின்னால் ஏற்கெனவே பல வருஷம் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். ஆள் எடுக்கிறவர்களுக்கு அதுதானே வேண்டும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேசையில் உட்காருகிறவருக்கு ஆட்டம் எப்படி முடிந்தது என்று முன்பே தெரியும். யார் ஜெயித்தது, எந்த நிமிடத்தில் திருப்பம் வந்தது, எதைச் சொன்னால் சிரிப்பார்கள், எல்லாம் கையில் இருக்கிறது. நேரடி வர்ணனைக்காரனுக்கு இதில் எதுவும் கிடையாது. முடிவு தெரிந்து பேசுகிறவனும் தெரியாமல் பேசுகிறவனும் ஒரே தொழில் செய்வதாகச் சொல்ல எனக்கு மனசு வராது. ஹாலும் லெவினும் பெரும்பாலும் மோதியது முதல் வேலையில். நீங்கள் செய்வது இரண்டாவது வேலை.

அதிலும் நம் கரையில் அது எவ்வளவு கஷ்டம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி வைக்கிறார்கள் அல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் பந்தல், மைக் செட்டு, கூம்பு ஸ்பீக்கர். படகுகள் வரிசையாக நிற்கும்வரை பேசுவதற்குக் குறைச்சல் இல்லை. கொடி அசைத்ததும் ஆரவாரம். அப்புறம்? பத்து நிமிடத்தில் பாய்கள் எல்லாம் நகக்கண் அளவுக்குச் சிறுத்துவிடும். கடலுக்குள் மிதவையைச் சுற்றித் திரும்பும்வரை கரையில் நிற்பவனுக்கு ஒன்றும் பிடிபடாது. அந்த நேரம் முழுக்க மைக் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சுமாரான ஆள் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். “இதோ வந்துகொண்டிருக்கிறார்கள், சீறிப் பாய்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள்” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்வார். நடுவில் சினிமாப் பாட்டு. விவரம் தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். கையில் பைனாகுலர் இருந்தால் முதலில் பலகையைப் பார்ப்பார். பாய் வத்தை என்கிற நம் பக்கத்துப் பாய்மரப் படகில் காற்று சாய்க்கும்போது படகு கவிழாமலிருக்க, குறுக்கே நீட்டியிருக்கும் பலகையில் ஆட்கள் ஏறி உட்காருவார்கள். காற்று வலுத்தால் பலகையின் நுனிக்கு நகர்வார்கள், தணிந்தால் உள்ளே வருவார்கள். தூரத்திலிருந்து பாயைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பலகையில் இருக்கும் தலைகள் வெளியே போகின்றனவா உள்ளே வருகின்றனவா என்று பார்த்தால் அந்த இடத்தில் காற்று எப்படி என்று சொல்லிவிடலாம். “மூணாம் நம்பர் படகில் ரெண்டு பேர் நுனிக்கு வந்துட்டாங்க, அங்கே காற்று பிடிச்சிருச்சு” என்று ஒரு வரி சொன்னால் போதும், பந்தலில் இருக்கும் கூட்டம் அப்படியே கடல் பக்கம் திரும்பும்.

திரும்பி வரும்போது இன்னொரு வம்பு. எதிர்க்காற்றில் பாய்ப்படகு நேராக வர முடியாது. ஒரு பக்கம் ஓடி, பாயை மாற்றி, மறுபக்கம் ஓடித்தான் வர வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் ஒரு படகு எங்கோ ஒதுங்கிப் போவது போல இருக்கும். மைக்கில் இருப்பவர் அவசரப்பட்டு “அய்யோ, பின்தங்கிவிட்டது” என்று சொல்லிவிடுவார். அடுத்த திருப்பத்தில் அந்தப் படகுதான் முதலில் நிற்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? சுக்கான் பிடித்தே காய்த்துப்போன கையோடு இருக்கிற பெரியவர்கள். வாடையா கொண்டலா என்று முகத்தில் படுவதை வைத்தே சொல்லக்கூடியவர்கள். அவர்கள் முன்னால் காற்றின் பெயரை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், அடுத்த வருஷம் மைக் உங்கள் கைக்கு வராது.

கேட்பவனுக்கு நம்மைவிட அதிகம் தெரியும் என்ற நிலையில் நின்று பேசிப் பழகுவது பெரிய பயிற்சி. ட்ரீம் ஜாப்பில் நடுவர் நான்கு பேர். மோர்ப்பண்ணைக் கரையில் கடலுக்குப் போகிற அத்தனை பேரும் நடுவர்தான்.

கபடியில் பிரச்சினை வேறு. அங்கே கண்ணுக்கு முன்னாலேயே எல்லாம் நடக்கிறது, ஆனால் நேரம் இல்லை. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. பாடி வருகிறவர் போனஸ் கோட்டைத் தாண்டினாரா, அந்தப் பக்கம் ஆறு பேராவது நிற்கிறார்களா, இது மூன்றாவது ரெய்டா, புள்ளி எடுக்காவிட்டால் வெளியேற வேண்டிய ரெய்டா, மூன்று பேரோ அதற்குக் குறைவோ மிச்சமிருந்து பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’, இரண்டு புள்ளியாச்சே, இத்தனையும் அந்த 30 விநாடிக்குள் சொல்ல வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கமிட்டி ஆள் ஒருவர் தோளைத் தட்டி ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். “அண்ணே, ஆயிரத்தொண்ணு குடுத்திருக்காரு, பேரை வாசிச்சிருங்க.”

இதைச் சொல்லி நிறையப் பேர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மைக் செட்டுக்கும் லைட்டுக்கும் சுழற்கோப்பைக்கும் காசு அந்தச் சீட்டிலிருந்துதான் வருகிறது. தொலைக்காட்சியில் மட்டும் என்ன வாழ்கிறது? ஒவ்வொரு சிக்ஸருக்கும் ஒரு கம்பெனி பெயர் ஒட்டியிருக்கிறது, அதையும் வர்ணனையாளர்தான் சொல்கிறார். கேள்வி எப்போது வாசிப்பது என்பதுதான். ரெய்டு முடியட்டும், புள்ளி சொல்லுங்கள், அடுத்தவர் கோட்டைத் தாண்டுவதற்குள் பெயரை வாசித்து முடியுங்கள். இதை ஊர்க் கபடியில் பழகியவருக்கு ஸ்டுடியோவில் விளம்பர வரி ஒரு பொருட்டே கிடையாது.

அமெரிக்காவை வைத்துக் கேட்டதால் அங்கிருந்தே இரண்டு பேரைச் சொல்கிறேன். ரெட் பார்பர் என்று ஒரு பேஸ்பால் வானொலி வர்ணனையாளர். பேச்சு சுவாரஸ்யத்தில் ஸ்கோரைச் சொல்ல மறந்துவிடக் கூடாது என்று, முட்டை அவிக்க வைக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோர் சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைப்பார். அவர் தயார் செய்த சீடர் வின் ஸ்கல்லி, டாட்ஜர்ஸ் அணிக்கு 1950 முதல் 2016 வரை 67 சீசன் பேசியவர். 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தபோது, பந்து எல்லை தாண்டிய செய்தியைச் சொல்லிவிட்டு ஸ்கல்லி வாயை மூடிக்கொண்டார். நெடுநேரம் கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டு, அப்புறம்தான் பேசினார். வாரா வாரம் ஆட்களை வெளியே அனுப்பும் போட்டி மேடையில் இப்படி மௌனமாக இருந்து பாருங்கள், அந்த வாரமே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மேடையில் கிடைக்கும் சில நிமிடத்தில் பேச்சுத்தான் தெரியும், பேசாமல் இருக்கும் திறமை தெரியாது. இந்த வகைப் போட்டிகளின் பெரிய ஓட்டை அது. ஹால், லெவின் இருவருக்குமே அது பொருந்தும்.

சரி, தோற்றவர் கதி. லெவின் வீணாய்ப் போகவில்லை. சியாட்டில் நகரத் தொலைக்காட்சியில் சேர்ந்து, பல வருஷம் அதன் விளையாட்டுப் பிரிவுக்கே தலைமை வகித்தார். ஹால், ஒப்பந்தப்படி ஸ்போர்ட்ஸ் சென்டரில் வந்தார். 2005-இல் கல்லூரி விளையாட்டுக்கென்று ஈஎஸ்பிஎன்யூ தொடங்கியபோது அங்கே போனார். 2007-இல் இன்னொரு கல்லூரி விளையாட்டுச் சேனலான பிக் டென் நெட்வொர்க்கில் சேர்ந்து அங்கேயே காலூன்றினார். நல்ல வாழ்க்கைதான், ஆனால் ஊரே திரும்பிப் பார்க்கும் நட்சத்திரம் ஆகிவிடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே முதல் சீசனில் கடைசிச் சுற்றுக்குக்கூட வராத கேஸி ஸ்டெர்ன் என்பவர் பிற்பாடு டர்னர் ஸ்போர்ட்ஸில் பேஸ்பால், கூடைப்பந்து நிகழ்ச்சிகளை நடத்தும் அளவுக்கு வளர்ந்தார். இன்னொருவர், ஸாக் செல்வின், ஹிஸ்டரி சேனலின் துணைச் சேனலான எச்2-வில் அமெரிக்க வழக்குச் சொற்கள் பற்றிய நிகழ்ச்சி நடத்தினார். இரண்டாவது சீசனில் டேவிட் ஹோம்ஸ் ஜெயித்தார். மூன்றாவதில் ஆட்டத்தையே மாற்றி, முன்னாள் என்பிஏ கூடைப்பந்து வீரர்களுக்குள் போட்டி வைத்தார்கள். பாஸ்டன் செல்டிக்ஸில் ஆடிய டீ பிரவுன் ஜெயித்தார். அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

அந்த மூன்றாவது சீசனை நீங்கள் கவனிக்க வேண்டும். வெளியாட்களைத் தேடுகிறோம் என்று ஆரம்பித்தவர்கள் ஒரு வருஷத்தில் முன்னாள் வீரர்களிடம் போய் நின்றார்கள். நம் ஊரிலும் கதை அதுதான். ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒரு காலத்தில் ஹர்ஷா போக்ளேயை வைத்து ‘ஹர்ஷா கி கோஜ்’ என்று வர்ணனையாளர் தேடும் போட்டி நடத்தியது. போக்ளேயே வெளியாள்தான். சர்வதேச கிரிக்கெட் ஆடியவர் அல்ல, படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங், அப்புறம் அகமதாபாத் ஐஐஎம். ஹைதராபாத் வானொலியில் இளம் வயதிலேயே தொடங்கியவர். ஆனாலும் இன்றைக்கு எந்த வர்ணனைக் குழுவை எடுத்தாலும் பெரும்பாலான நாற்காலிகளில் முன்னாள் ஆட்டக்காரர்கள்தான். ஆடாதவருக்கு மிச்சம் இருப்பது நடப்பதை உடனுக்குடன் சொல்லும் நாற்காலி, இல்லையென்றால் தொகுப்பாளர் நாற்காலி. நீங்கள் குறி வைக்க வேண்டியது முதல் நாற்காலி. அதற்குத்தான் ஊர் மைக்கில் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள்.

தமிழில் அந்த நாற்காலிக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. அந்தக் காலத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் சென்னை வானொலியில் தமிழ் வர்ணனை வரும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பக்கமும் உண்டு. ஜப்பார் நம் அண்டை மாவட்டக்காரர், கடலோரத்துத் தமிழ் அவர் நாக்கில் இருந்தது, 2020-இல் மறைந்தார். மைதானத்தைப் பார்க்கவே பார்க்காதவனுக்கு, பந்து எந்தப் பக்கம் போகிறது, யார் ஓடுகிறார், எத்தனை ரன் என்பதை வரிசை மாறாமல் சொன்ன குரல்கள் அவை. இதற்கும் முன்னால், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி நம் கரைக்குத் தெளிவாகக் கேட்டது. கே.எஸ்.ராஜாவின் வேகமும் அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை எத்தனை மைக் செட்டுக்காரர்களை உருவாக்கியிருக்கும் என்று கணக்கு எடுக்க முடியாது. விளையாட்டு வர்ணனை என்று அவர்கள் தனியாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. தெளிவாகப் பேசினால் தமிழ் எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்று காட்டினார்கள்.

2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் வந்ததும் நிலைமை மாறியது. அதே வருஷம்தான் புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணி நுழைந்தது. தமிழில் கபடி பேச ஆள் தேவை என்பது அப்போதுதான் பெரிய அளவில் தெரிந்தது. ஆனால் உள்ளே போகிறவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். மைதானத்தில் உட்கார வைக்கமாட்டார்கள். தமிழ் வர்ணனை பெரும்பாலும் மும்பை ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துத்தான். கேமரா காட்டுவது மட்டுமே உங்களுக்குத் தெரியும். மூலையில் நிற்கும் டிஃபென்டர் என்ன சைகை காட்டுகிறார் என்பது படத்தில் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நகக்கண் அளவு பாயைப் பார்த்துப் பேசியவருக்கு இது ஒன்றும் புதிதில்லை, ஆனாலும் முதல் நாள் கை உதறத்தான் செய்யும்.

இன்னொன்று, பேச்சு வழக்கு. “எங்கிட்டு”, “அங்கிட்டு” என்று பேசினால் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். எழுத்துத் தமிழை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைவிட ஊர்ப்பேச்சு எவ்வளவோ மேல். “வீரர் தற்பொழுது எதிரணியின் எல்லைக்குள் பிரவேசிக்கிறார்” என்று சொல்லி முடிப்பதற்குள் அவரைப் பிடித்து வெளியே போட்டிருப்பார்கள். ஆனால் கோயம்புத்தூர்க்காரருக்கும் புரிய வேண்டும், அந்த அளவுக்குச் சீவிக்கொண்டால் போதும். நீங்கள் உழைக்க வேண்டிய இடம் ஹரியானா, மகாராஷ்டிர வீரர்களின் பெயர்கள். அவற்றைக் கடித்துத் துப்புகிற தமிழ் வர்ணனையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், சகிக்கவில்லை.

கடைசிக் கேள்வி, தேறுவீர்களா என்பது. குரலைச் சரியாகக் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது? ஆனால் போட்டி என்று ஒன்று வந்தால் போங்கள். ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே அவர்கள் கேட்கப்போவது ட்ரீம் ஜாப் கேட்டதைத்தான். கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் தடுமாறாமல் பேச முடியுமா, எழுதிக் கொடுத்ததை எழுதாத மாதிரி வாசிக்க முடியுமா, காதில் ஒருவர் பேசும்போது வாய் நிற்காமல் இருக்குமா. இதில் எதுவும் நம் கரையில் பழக்கம் இல்லை. வீட்டில் செல்போனை நிறுத்தி வைத்து, பழைய ஆட்டத்தின் ஒரு நிமிடத் துண்டுக்கு நீங்களே எழுதி, நீங்களே பேசிப் பாருங்கள். சிநேகிதர் யாரையாவது ஹெட்போனில் “முப்பது விநாடி, இருபது விநாடி” என்று கத்தச் சொல்லிவிட்டுப் பேசிப் பாருங்கள். முதலில் குழறும். போகப் போகச் சரியாகும்.

குரல் மாதிரி அனுப்பச் சொன்னால் இரண்டு துண்டு அனுப்புங்கள். ஒன்று, கபடியில் சூப்பர் டேக்கிள் விழுந்த ரெய்டு. அதைப் பார்த்துத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். இன்னொன்று, படகுகள் மிதவைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது பேசிய ஐந்து நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல். அதை யாரும் முழுக்கக் கேட்காமல் போகலாம். கேட்கிற ஒருவர் அங்கே இருந்தால், அவர்தான் உங்களை நேரடி ஆட்டத்துக்கு உட்கார வைப்பார். கரையில் பதிவு செய்யும்போது மைக் தலையில் பஞ்சு உறை மாட்டச் சொல்லுங்கள். போன தடவை நீங்கள் அனுப்பிய துண்டில் பாதி காற்று இரைச்சல்தான்.